யெஸ் என்றாள்

பிப்ரவரி 3, திங்கள்

முதல்வர் அமிர்தவல்லி காலையில் அழைத்திருந்தார். சுற்றுலா, ஹோட்டல் மேலாண்மைத் துறை மாணவர்களுக்கு எவ்வகை ஆங்கிலம், எந்த அளவுக்குத் தேவை என்று ஆராய்ந்து இம்மாத இறுதிக்குள் நான் அறிக்கை தர வேண்டுமாம். இக்கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கி என் தலை நரைத்துவிட்டது. இதுவரை இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. திடீரென்று ஒருவர் கேட்கிறார் என்றால், விடையை அவர் முன்பே வைத்திருக்கிறார் என்று பொருள்.

பக்கத்து நாற்காலியில் அத்துறையின் தலைவர் ராஜாங்கம் புன்னகையோடு அமர்ந்திருந்தார். “நம்ம பிள்ளைகளுக்கு இலக்கணமெல்லாம் எதுக்கு சார்? ‘ஹவ் மே ஐ ஹெல்ப் யூ’ வந்தாப் போதும், பொழச்சுக்கும்” என்றார். மதுரையில் ஏதோ ஒரு பயிற்சி நிறுவனத்தோடு அவர் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எங்கள் துறையின் பாடவேளைகளைப் பறித்து அவர்களிடம் கொடுப்பதற்கு என் கையாலேயே ஓர் அறிக்கை தேவைப்படுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இரண்டாம் ஆண்டு வகுப்பில் வினாத்தாள் கொடுத்தேன். எல்லோரும் ஒரே சொற்றொடரை எழுதியிருந்தார்கள்: விருந்தினரிடம் பணிவாகப் பேச ஆங்கிலம் வேண்டும். ராஜாங்கம் முன்பே வகுப்புக்குள் போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. தாள்களைக் கட்டி அலமாரியில் போட்டுவிட்டேன். இனிக் காதால் கேட்டு அறிவதென்று முடிவு.

வெளியே வரும்போது இரண்டு பெண்கள் தாழ்வாரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானலில் பயிற்சிக்குப் போன மூன்றாம் ஆண்டு வினோலியாவைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான் வந்தால் நிற்கும் பேச்சுகள் இக்கல்லூரியில் அதிகம்.

பிப்ரவரி 6, வியாழன்

மகளோடு கோயம்புத்தூரில் இருக்கும் என் மனைவி மங்கை பேசினாள். மகளின் கல்யாண அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டதாம். மண்டபம் சிறியதுதானாம். கடைசியில், வேறு ஏதோ கேட்பதுபோல், “நீங்க வரப்போறதில்லதானே?” என்றாள். “ஆமாம்” என்றேன். “சரி” என்றாள். அத்துடன் முடிந்தது.

மாப்பிள்ளைப் பையனைப் பற்றி நான் விசாரித்ததில் என்ன தவறு? “அவன் உங்கிட்ட எதையும் மறைக்கலதானே?” என்று மகளைக் கேட்டேன். “ஆமாப்பா” என்றாள். அதற்குப் பிறகுதான் அவன் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அது தந்தையின் கடமை. அதை அவள் அவமானமாக எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

வினோலியாவைப் பற்றி ராஜாங்கத்திடம் கேட்டேன். அவர் முகத்தில் முதலில் வந்தது வியப்பு, பிறகுதான் வருத்தம். அந்த வரிசையைக் குறித்துக்கொள்கிறேன்.

அவள் துப்புரவு செய்த அறையில் இங்கிலாந்து நாட்டுப் பெண்மணி ஒருவரின் மோதிரம் காணாமல்போனதாம். மேலாளர் விசாரித்தபோது அவளே ஒப்புக்கொண்டாளாம். காவல்துறைக்குப் போகாமல் பெரிய மனதோடு கல்லூரிக்கு எழுதிவிட்டார்களாம். பத்தொன்பதாம் தேதி ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுகிறது. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஹோட்டல் தொழிலில் அதன் பிறகு அவளை எவரும் வாசற்படி ஏற விடமாட்டார்கள்.

“நீங்கள் அப்போது அங்கே இருந்தீர்களா?” என்றேன்.

“நானா? மெயில் வந்தப்பறம்தான் சார் எனக்கே தெரியும். ஆடிப் போயிட்டேன்” என்றார். பிறகு, “மொத வருஷம் அவளுக்கு இங்கிலீஷ் எடுத்தது நீங்கதானே சார்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பில்லை. 

பிப்ரவரி 11, செவ்வாய்

காலைப் பேருந்தில் கொடைக்கானல் போய்வந்தேன். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் வழியெல்லாம் முன்னிருக்கைக் குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தது. அதன் தாய், தவறு என்னுடையது என்பதுபோல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஏரிக்கு மேலே இருக்கும் அந்த விடுதியின் பொது மேலாளர் கீத் லோபோ. மெல்பர்னில் பிறந்து வளர்ந்தவர். இந்தியாவுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. தமிழில் வணக்கம் மட்டும் சொல்கிறார். எங்கள் மாணவர்களின் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டேன். நல்லவர்கள், உழைப்பாளிகள் என்றார். ஒரே குறை, எதற்கெடுத்தாலும் யெஸ் என்கிறார்களாம். தண்ணீர் வருகிறதா என்றாலும் யெஸ், வரவில்லையா என்றாலும் யெஸ்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “அந்த மோதிர விஷயத்தில்கூட உங்கள் மாணவியை நான் மதிக்கிறேன். அவள் பொய் சொல்லவில்லை.”

என்ன கேட்டீர்கள், அவள் என்ன சொன்னாள், சொல்லுக்குச் சொல் சொல்லுங்கள் என்றேன். அவர் நினைவு துல்லியமானது. அவளைக் குற்றவாளிபோல் நடத்த விரும்பாததால், நீதான் எடுத்தாயா என்று கேட்கவில்லையாம். தப்பிக்க வழி விட்டு, மென்மையாகக் கேட்டிருக்கிறார்.

“யூ டிட் நாட் டேக் இட்?”

“யெஸ், சார்.”

“யூ டிட் நாட்?”

“யெஸ், சார்.”

என் பேனா நின்றுவிட்டது. எடுக்கவில்லையா? ஆமாம், எடுக்கவில்லை. தமிழ் பேசும் எந்த வீட்டிலும் அந்த விடைக்கு ஒரே பொருள்தான். மெல்பர்னில் அதே விடைக்கு எடுத்தேன் என்று பொருள். லோபோவின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரியாது. நான் வேறொன்றைக் கேட்டேன்: அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் யாரேனும் இருந்தார்களா?

“இருந்தாரே. உங்கள் பேராசிரியர் ராஜாங்கம் அன்று மேற்பார்வைக்கு வந்திருந்தார். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்” என்றார் லோபோ.

அப்போதே அவரிடம் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. ஒரு மாணவியைக் காப்பாற்ற ஆங்கில ஆசிரியர் இட்டுக்கட்டிய இலக்கணம் என்று அவர் நினைக்கக்கூடும். தவிர, இதை வேறொருவர் வாயிலிருந்து அவர் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பிப்ரவரி 12, புதன்

ராஜாங்கம் அங்கே இருந்தார். அவர் காதில் விழுந்தது. அவருக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அந்த விடுதி ஆண்டுதோறும் எங்கள் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறது. மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். மேலாளரை மறுத்துப் பேசுவதைவிட ஒரு பெண்ணை மலையிலிருந்து இறக்கி அனுப்புவது எளிது.

தண்ணீர் மோட்டார் மீண்டும் இழுக்கவில்லை. எலெக்ட்ரீசியன் நாளைக்கு வருகிறேன் என்கிறான். அவனையும் நான் நம்பவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று ஆய்வைத் தொடர்ந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து, நீ சென்னைக்காரன் இல்லையா என்பதை ஆங்கிலத்தில் கேட்டேன். நிலக்கோட்டைக்காரனும் யெஸ் சார் என்றான், சித்தரேவுக்காரியும் யெஸ் சார் என்றாள். துபாயில் பள்ளிப்படிப்பு முடித்த ஒருவன் மட்டும் நோ என்றான். மற்றவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஆசிரியர் அறையில் என் துறையைச் சேர்ந்த, முனைவர் பட்டம் பெற்ற ஹேமமாலினியிடம், நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “யெஸ் சார், பசி உயிர் போகுது” என்று டப்பாவைத் திறந்தார்.

எலெக்ட்ரீசியன் வரவில்லை.

பிப்ரவரி 15, சனி

பண்ணைக்காட்டுக்குப் போனேன். வினோலியாவின் தந்தை காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆனால் எதிரே உட்காரவில்லை. கல்லூரியிலிருந்து வருபவர் நல்லதற்கு வரமாட்டார் என்று அவர் தீர்மானித்திருந்தது முகத்தில் தெரிந்தது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்று நடந்ததை அவளையே சொல்லச் சொன்னேன்.

“எடுக்கலையான்னு கேட்டாரு சார். ஆமா சார்ன்னு சொன்னேன். திரும்பவும் அதையே கேட்டாரு. நானும் அதையே சொன்னேன். உடனே எந்திரிச்சு தேங்க் யூன்னாரு. என்னய நம்பிட்டாருன்னு நெனச்சுட்டேன் சார். அன்னிக்கு நல்லாத் தூங்கினேன். காலையில பொட்டியக் கட்டுன்னுட்டாங்க.”

அவள் ஆங்கிலத்தில் நடந்த உரையாடலைத் தமிழிலேயே நினைவில் வைத்திருக்கிறாள். தான் யெஸ் என்றதுகூட அவளுக்கு ஆமாம் என்றுதான் ஞாபகம். எங்கே தவறியது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

ராஜாங்கம் என்ன செய்தார் என்றேன்.

“பக்கத்துலதான் இருந்தாங்க. வெளிய வந்ததும், நீ எதும் பேசாத, நான் பாத்துக்கறேன்னாங்க. காலேஜ்ல பாத்துக்குவாங்கன்னுதான் இத்தன நாளும் பேசாம இருக்கேன்.”

நான் எழுந்துகொள்ளும் முன் அவளிடம் நேராகக் கேட்டேன்: “நீ எடுத்தாயா?”

தந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் என்னையே பார்த்தாள். “நீங்களும் கேக்குறீங்களா சார்?”

“கேட்கிறேன்.”

“எடுக்கல.”

மோதிரத்தை யார் எடுத்தார் என்பதற்கு என்னிடம் சான்று ஏதும் இல்லை. அவள் எடுக்கவே இல்லை என்று நான் எங்கும் எழுதித்தர இயலாது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை மட்டும் எழுதித்தர இயலும். அதுவே போதும். ஒருவர் செய்யாத ஒப்புதலை அவர் தலையில் கட்டுவதும் திருட்டுத்தான்.

தேநீர் கொடுத்தார்கள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

குழு உறுப்பினராக என்னையும் சேர்க்க முதல்வர் சம்மதித்தார். லோபோவையும் கணினித் திரை வழியே கலந்துகொள்ளச் செய்யுமாறு கேட்டேன். அதற்கும் சம்மதித்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ராஜாங்கத்தை நூலகப் படிக்கட்டில் மறித்து, நீங்கள் அந்த அறையில் இருந்ததாக லோபோவே சொன்னார் என்றேன். மறுக்கவில்லை. மறுத்துப் பயனில்லை என்று கணக்குப் போட அவருக்கு ஒரு மூச்சு நேரம் போதுமானதாக இருந்தது.

“இருந்தேன் சார், இல்லேங்கல. உங்ககிட்ட அன்னிக்கு எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். நான் போன்ல இருந்தேன். அவ என்ன சொன்னான்னு என் காதுல விழல. சத்தியமா.”

கேட்காமல் வந்த சத்தியம். அதையும் குறித்துக்கொள்கிறேன்.

நான் படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னார்: “சொந்த மக கல்யாணத்துக்குப் போகமாட்டேங்கிறவரு, ஊரான் பிள்ளைக்குப் பண்ணைக்காடு வரைக்கும் போறீங்க. நல்லாருக்கு சார்.”

நான் திரும்பவில்லை. படிக்கட்டில் கைப்பிடி ஆடுகிறது. யாரும் சரிசெய்வதில்லை.

பிப்ரவரி 19, புதன்

முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

முதல்வர் அறை. முதல்வர், ராஜாங்கம், நான். குறிப்பெடுக்க அலுவலகக் கண்காணிப்பாளர். மேசையில் இருந்த கணினித் திரையில் லோபோ. அவருக்காகப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில். வெளியே பெஞ்சில் வினோலியாவும் தந்தையும்.

லோபோ என்னிடம் சொன்னதையே மாற்றமின்றிச் சொன்னார். முதல்வர் ராஜாங்கத்தைப் பார்த்தார். அவர் தாம் அங்கே இருந்ததாகவும், தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததாகவும் நீளமாகச் சொன்னார். மாணவியின் எதிர்காலத்தை நினைத்து இரவெல்லாம் உறக்கம் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினேன். லோபோ அவளிடம் பேசியிருக்கக்கூடிய அதே மென்மையோடு, ராஜாங்கத்தின் கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

“யூ டிட் நாட் ஹியர் ஹர் ஆன்ஸர்?”

“யெஸ், சார்.”

“யூ டிட் நாட்?”

“யெஸ், யெஸ்” என்றார், உறுதியாகத் தலையை ஆட்டி.

திரையில் லோபோ நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். நன்றி, அப்படியானால் என் காதில் விழுந்த விடைதான் அவர் காதிலும் விழுந்திருக்கிறது என்றார்.

ராஜாங்கத்துக்கு முதலில் புரியவில்லை. “நோ, நோ, ஐ மீன் யெஸ்” என்றார். லோபோ, ஆமாம், நீங்கள் கேட்டீர்கள், அதைத்தான் சொல்கிறேன் என்றார். நான் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பி, மாணவி சொன்னது தம் காதில் விழுந்ததாகப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார் என்று எழுதுங்கள் என்றேன். அவர் எழுதத் தொடங்கினார்.

ராஜாங்கம் ஆங்கிலத்தைக் கைவிட்டார். “மேடம், எழுத வேண்டாம்னு சொல்லுங்க. நான் கேக்கலன்னுதானே சொன்னேன்? யெஸ்ன்னா, ஆமா, கேக்கலன்னு அர்த்தம். நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே மேடம் சொல்லுவோம்?”

கண்காணிப்பாளரின் பேனா நின்றது. முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க, ராஜாங்கம்” என்றார்.

 சொல்லிவிட்டதை வாய்க்குள் திரும்ப எடுக்க முடியுமா என்று தேடுகிறவர்போல் ராஜாங்கம் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

நான் முதல்வரிடம் தமிழிலேயே சொன்னேன். அவருடைய யெஸ் லோபோவின் யெஸ் என்றால், மாணவியின் விடை அவர் காதில் விழுந்திருக்கிறது. தெரிந்தே வாய் மூடி இருந்திருக்கிறார். அவருடைய யெஸ் நம் ஊர் யெஸ் என்றால், வெளியே பெஞ்சில் இருப்பவளுடையதும் நம் ஊர் யெஸ்தான். இரண்டில் எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும், அப்படியே எழுதிக்கொள்வோம்.

லோபோ என்ன நடக்கிறது என்று கேட்டார். முதல்வர் நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினார். நான் குறுக்கிடவில்லை, ஒரு சொல்லைக்கூட அவர் தவறவிடவில்லை. லோபோ திரைக்கு அருகே குனிந்தார். பிறகு, “அன்று நான் அவளுக்கு நன்றி சொன்னேன்” என்றார். 

வினோலியாவை உள்ளே அழைத்தார்கள். தந்தையும் கூடவே வந்து கதவோரம் நின்றார். லோபோ இம்முறை நேராகக் கேட்டார்: “டிட் யூ டேக் இட்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை.

“நோ, சார்.”

“தேங்க் யூ” என்றார் லோபோ. இரண்டாம் முறையாக அதைக் கேட்ட அவள் முகம் வெளுத்துவிட்டது. முதல்வர் அவசரமாகத் தமிழில் சொன்னார்: “ஒண்ணும் இல்லம்மா. நம்பிட்டாரு.”

தந்தை மகளின் தோளைத் தொட்டு, என்ன சொன்னே என்று கிசுகிசுத்தார்.

“இல்லன்னு சொன்னேன்ப்பா.”

“இதைச் சொல்றதுக்கா இத்தன நாளு?” என்றார் அவர், எங்கள் எல்லோரையும் பார்த்து.



பிப்ரவரி 20, வியாழன்

ஒப்புக்கொண்டாள் என்று எழுதிய கடிதத்தை விடுதி திரும்பப் பெற்றுக்கொண்டது. அவள் அங்கேயே பயிற்சியைத் தொடரலாம் என்று லோபோ எழுதியிருந்தார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். தேனியில் வேறோர் இடம் பார்த்திருக்கிறார்கள். மோதிரம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ராஜாங்கம் மருத்துவ விடுப்பில் இருக்கிறார். அவருக்கு என்ன நோய் என்று விசாரிக்கவில்லை.

அறிக்கையின் முதல் வரியை எழுதினேன்: இம்மாணவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் ஆங்கிலச் சொல் ‘நோ’. அதை எப்போது, எந்தக் கேள்விக்குச் சொல்ல வேண்டும் என்பது முதலாம் ஆண்டிலேயே கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எவரால் என்று குறிப்பிடவில்லை. அறிக்கைகளில் பெயர்களைக் குறிப்பிடும் வழக்கம் இல்லை.

பிப்ரவரி 22, சனி

மோட்டார் சரியாகிவிட்டது. எலெக்ட்ரீசியன் வந்தான், வேலையை முடித்தான், போனான். சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

மாலையில் மங்கை பேசினாள். சமையல்காரர், பூக்காரர், மண்டபத்தில் மின்விசிறி ஒன்று ஓடவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். பின்னால் மகளின் குரல் கேட்டது. பேச்சு திடீரென்று நின்றது. மறுமுனையில் நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் அவளும் நிறுத்திக்கொள்கிறாள்.

“கடைசியாக் கேக்குறேன். நீங்க வரமாட்டீங்கதானே?” என்றாள் மங்கை.

“இல்லை” என்றேன்.

அதற்கு இரண்டு பொருள் உண்டு. சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

“அப்ப அந்தப் பட்டு வேட்டிய இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. பீரோவுல மேல் தட்டு. இங்க வந்து நின்னுக்கிட்டு எங்கிட்ட கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மேல் தட்டில்தான் இருந்தது.